கிணற்று ஆமையின் உரிமையாளர்

சேசு மரி சூசை
விழுப்புரம், 27.4.2003

அன்புள்ள அண்ணனுக்கு லூர்துசெல்வி எழுதுவது.

பாஸ்கா திருநாள் முடிந்து ஒரு வாரமாகியும் வீட்டில் கறிக்குழம்பு வாசனை போகவில்லை. அதிலிருந்தே நாங்கள் சுகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் மாப்பிள்ளைக்கு மட்டும் முதுகுவலி. பிரின்சி பரீட்சை எழுதிவிட்டு நாள் முழுக்கத் தூங்குகிறாள். உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது? மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா, இல்லை, டப்பாவைப் பார்த்தாலே குணமாகிவிடும் என்று அலமாரியில் வைத்திருக்கிறீர்களா?

ஒரு முக்கியமான விஷயம். அவருடைய வன அலுவலகத்துக்கு மேலேயிருந்து ஒரு அறிவிப்பு வந்திருக்கிறது. அவர்தான் அதை டைப் அடித்தார். காட்டு விலங்கையோ அதன் கொம்பு, தோல், ஓடு இவற்றையோ வைத்திருப்பவர்கள் நூற்றெண்பது நாளுக்குள் தாங்களாகவே எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். அக்டோபர் நடுவில் கெடு முடிகிறது. அதற்குப் பிறகு அகப்பட்டால் கேஸ்தான். எந்தெந்த விலங்கு என்று முதல் அட்டவணையைப் பார்த்தால், புலி, சிறுத்தை, மலைப்பாம்பு, அதோடு பாலாமை. நம் கிணற்றில் கிடக்கிறதே, அதுவேதான். "உங்க அண்ணன் கெணத்துல புலி வளத்துக்கினு இருக்கிறாரு"ன்னு அவர் ஒரே சிரிப்பு. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்னு சொல்லுவாங்க. ஆமை எப்பவோ வந்துடுச்சு, இனிமே அமீனா வர்றதுதான் பாக்கி" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வன அலுவலக டைப்பிஸ்டின் மச்சான் வீட்டிலேயே ஆமை பிடிபட்டது என்றால் அவர் அங்கே எப்படித் தலைநிமிர்ந்து உட்காருவார்? பேசாமல் அதை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள் அண்ணா. ஆறு வருஷம் வளர்த்தது போதும்.

பனிமய மாதா உங்களைக் காக்கட்டும்.
லூர்து


திண்டிவனம், 6.5.2003

அன்புத் தங்கை லூர்துசெல்விக்கும் மாப்பிள்ளைக்கும் பிரின்சிக்கும் சவுரிராயனின் ஆசீர்.

எனக்குச் சர்க்கரை நூற்றெழுபது. வெயிலில் அதுவே கொஞ்சம் கரைந்துவிடும் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளையை நாற்காலியில் தலையணை வைத்து உட்காரச் சொல்.

பள்ளிக்கூடம் லீவு விட்டாலும் நான் தினமும் போய் ஆய்வகத்தைத் திறந்து பாட்டில்களைத் துடைத்துவிட்டு வருகிறேன். உன் கடிதத்தைத் தலைமையாசிரியர் சீனுவாசன் சாரிடம் படித்துக் காட்டினேன். நம்மிடம் ஸ்பிரிட் பாட்டிலில் ஒரு உடும்புக் குட்டி இருக்கிறதே, அதுவும் அந்தப் பட்டியலில் வருமா என்று பயந்துவிட்டார். "சவுரி, அத ஜல்தியா எங்கயாவது பொதச்சிடலாமா"ன்னு கேட்டார். "பொதச்சா, எடத்துக்கும் சேத்து எழுதிக் குடுக்கணும் சார்" என்றேன். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

ஆமையைக் கொடுக்கச் சொல்கிறாய். ராயப்பனைக் கொடுக்க என்னால் ஆகாது. பகல் பன்னிரண்டு மணிக்கு வெயில் கிணற்றுக்குள் நேராக இறங்கும். கால் மணி நேரம்தான். அப்போது அடியில் கிடக்கும் உடைந்த பானை ஓடுகூடப் பச்சையாகத் தெரியும். அந்த வெளிச்சத்துக்குள் அவன் மெதுவாக ஏறி வருவான். மூக்கை மட்டும் நீட்டி ஒரு மூச்சு விட்டுவிட்டு என்னைப் பார்ப்பான். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பது நான்தானா, நானும் அங்கே மிதக்கிறேனா என்று கொஞ்ச நேரம் தெரியாது. நல்ல மயக்கம் அது. சர்க்கரையால் வருவது இல்லை.

அவனுக்குப் பெயர் வைத்தவள் உன் அண்ணி. முதல் நாள் கையில் எடுத்தபோது மூன்று தரம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். சேவல் கூவுமுன் ஆண்டவரை மூன்று தரம் மறுதலித்த ராயப்பரின் பெயரைத்தான் இவனுக்கு வைக்கவேண்டும் என்று சிரித்தாள். புஷ்பம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஆறாவது வருஷம் நடக்கிறது. இரண்டாயிரம் கிறிஸ்மஸோடு அவளுடைய கடிதம் நின்றுவிட்டது. அவள் விட்டுப்போனதில் உயிரோடு இருப்பது அவன் ஒருவன்தான். அவனைக் கொடுத்துவிட்டால், அவள் இனி வரமாட்டாள் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டதாக ஆகும். அவள் திரும்பி வரும் நாளில் முதலில் கிணற்றைத்தான் எட்டிப் பார்ப்பாள்.

மாப்பிள்ளையிடம் ஒன்று சொல். அந்தப் பழமொழியை என் காதுபட வேண்டாம். கோபமில்லை, வேண்டாம் அவ்வளவுதான்.

உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்ளும்
சவுரிராயன்


விழுப்புரம், 20.5.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம், வெயில் எங்களை இன்னும் முழுதாக வேகவைக்கவில்லை. நூற்றெழுபது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள், பரீட்சை மார்க்கா அது? மத்தியானச் சோற்றைக் குறையுங்கள்.

இதோடு இரண்டு பேப்பர் துண்டு வைத்திருக்கிறேன். ஒன்று, மீனம்பாக்கத்தில் பெட்டி நிறைய நட்சத்திர ஆமையோடு ஒருவன் பிடிபட்டது. இன்னொன்று, சந்தையில் கிளி விற்றவரைக் கூண்டோடு கொண்டுபோனது. ஊர் ஊராகப் பாம்பு வைத்து வித்தை காட்டுகிறவர்களைக்கூட இப்போது விடுவதில்லையாம். முன்பெல்லாம் இதை யார் கேட்டார்கள், இப்போது கேட்கிறார்கள். நீங்கள் பெட்டியில் வைத்துக் கடத்தவில்லை, எனக்குத் தெரியும். சட்டத்துக்குத் தெரியவேண்டுமே.

கொடுக்க மனமில்லை என்றால் எழுதியாவது கொடுங்கள். கெடுவுக்குள் எழுதிக் கொடுத்தால் அவர்கள் வந்து பார்த்து, வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று சொல்வார்களாம். பாரம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். அவர் உங்களுக்கென்றே கார்பன் வைக்காமல் சுத்தமாக அடித்துக் கொடுத்தார். பழமொழி விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ, தெரியாம சொல்லிட்டேன்" என்று அவருக்கும் சங்கடம்.

அண்ணியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு என்ன எழுதுவதென்று இரண்டு நாள் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். இங்கே வெயில் மிகவும் அதிகம்.

உங்கள் தங்கை
லூர்து


திண்டிவனம், 22.6.2003

அன்புத் தங்கைக்கு,

என் உடம்பு பரவாயில்லை. பிரின்சி நானூற்றுப் பன்னிரண்டு மார்க் வாங்கியதாகத் தபால்காரரிடம்கூடச் சொல்லிவிட்டேன். அவளுக்கு என் முத்தம்.

கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. ராயப்பன் நாள் முழுக்கக் கண்ணுக்குத் தெரிகிறான். சேற்றில் பாதி புதைந்து கிடக்கிறான், மேலேயிருந்து பார்த்தால் யாரோ கை தவறிப் போட்ட தட்டு என்று தோன்றும்.

போன புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஆய்வக மேசையில் தலை வைத்துக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். ஒரு கனவு. பாட்டில் மூடிகள் எல்லாம் தாமாகத் திறந்துகொண்டன. தவளைகள், உடும்புக் குட்டி, அந்த வெளிறிப்போன கடல்குதிரை, எல்லாம் ஸ்பிரிட் சொட்டச் சொட்ட இறங்கி வரிசையில் நின்றன. வரிசையின் முனையில் மாப்பிள்ளை டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொன்றிடமும், "உரிமையாளர் பேரு?" என்று கேட்கிறார். தவளை பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னது. உடும்பு, சீனுவாசன் சார் பெயரைச் சொன்னது. கடைசியில் ராயப்பன். மாப்பிள்ளை மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். அப்போது வகுப்பு மணி அடித்தது. எழுந்ததும் அந்தக் கட்டத்தில் என்ன எழுதவேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

பாரத்தை நிரப்பிவிட்டேன். உரிமையாளர்: திருமதி புஷ்பம் சவுரிராயன். அது அவளுடைய ஆமை, பொய் எழுதக்கூடாது. கீழே அவள் கையெழுத்து வேண்டும். என்னிடம் இருப்பது குவைத்தின் பழைய அட்ரஸ். இப்போதும் அங்கேதான் இருக்கிறாளா தெரியவில்லை. நீயும் அவளும் சிநேகிதிகளாக இருந்தீர்கள். உனக்கு ஏதாவது தகவல் உண்டா?

பதிலை எதிர்பார்க்கும்
சவுரிராயன்


விழுப்புரம், 3.8.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். பிரின்சிக்கு அம்மை போட்டிருந்தது. இப்போது குளித்துவிட்டாள், முகத்தில் இரண்டு தழும்பு. அதற்குப் பிறகு எனக்குக் காய்ச்சல். எழுத முடியாத அளவுக்குக் காய்ச்சல் இல்லை, ஆனாலும் எழுதவில்லை.

அவர் சொல்கிறார்: உரிமையாளர் என்றால் யார் வைத்துப் பராமரிக்கிறாரோ அவர்தான். உங்கள் பெயரை எழுதினால் போதும், ஒரே கையெழுத்தில் வேலை முடியும். நீங்கள் ஊரில் இல்லாத ஆளின் பெயரை எழுதினால் அவர்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். எழுதின பாரத்தைக் கிழித்துப் போடுங்கள், வேறொன்று அனுப்பியிருக்கிறேன். எதற்கு அண்ணா வீண் பேஜாரு?

அட்ரஸ் கேட்டிருந்தீர்கள். குவைத் அட்ரஸ் என்னிடம் இல்லை.

லூர்து


திண்டிவனம், 12.8.2003

அன்புத் தங்கைக்கு,

பிரின்சியின் தழும்புக்குப் பச்சை மஞ்சளை இழைத்துப் பூசு, மறைந்துவிடும். நான் நன்றாக இருக்கிறேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே பாரத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கையெழுத்து இடத்தில் "உரிமையாளர் வெளிநாட்டில் உள்ளார்" என்று எழுதினேன். தப்பு என்றால் தப்பாகவே இருக்கட்டும்.

என் பெயரை ஏன் எழுத முடியாது என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றாறு டிசம்பரில் ஏரி வழிந்து தெருவில் தண்ணீர் நின்றதே, அந்தத் தண்ணீரோடுதான் அவன் வாசல்படி ஏறி வந்தான். புஷ்பத்துக்கு அப்போது ஆறு மாசம். கிணற்றில் ஆமை இருந்தால் புழு பூச்சியைத் தின்னும், தண்ணீர் தெளிந்து கிடக்கும் என்று அவள்தான் கொண்டுபோய் விட்டாள். பிப்ரவரியில் குழந்தை இறந்தே பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை ரிக்‌ஷாவில் கூட்டிவந்தேன். தெருவில் ஆளுக்கொன்று பேசினார்கள். ஆமை புகுந்த வீடு என்றார்கள். அதை அவள் தாங்கியிருப்பாள். வீட்டுக்குள் வந்து அவள் தண்ணீர் கேட்டாள். நான் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "நீதான ஆமையைக் கூட்டியாந்த" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவள் தண்ணீரை வாங்கிக் குடித்தாள். அந்த வருஷம் நவம்பரில் குவைத்துக்குப் போய்விட்டாள். கடனை அடைக்கப் போகிறாள் என்று ஊரில் சொன்னோம், நமக்கு ஏது கடன்?

அதனால்தான் ராயப்பன் சாகாமல் பார்த்துக்கொள்கிறேன் லூர்து. கோடையில் கிணறு வற்றினால் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியிருக்கிறேன். அவள் வரும் நாளில், பார், இவன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்று காட்டவேண்டும். அது அவளுடையது. என்னுடையது என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

சவுரிராயன்


விழுப்புரம், 24.8.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்த முறை சுகம் விசாரிக்கவில்லை. இதைப் படித்த பிறகு நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்றே தெரியவில்லை. உட்கார்ந்து படியுங்கள்.

அண்ணி குவைத்தில் இல்லை. போன வருஷம் ஜனவரியிலேயே வந்துவிட்டார்கள். இங்கே விழுப்புரத்தில்தான் இருக்கிறார்கள். சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் சமையல் வேலை, அங்கேயே தங்க ஓர் அறை. ஒன்றரை வருஷமாக ஞாயிறு பூசையில் என் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள். உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று வேளாங்கண்ணி மாதா பேரில் என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார்கள். நான் ஏன் என்று கேட்டேன். "அவுரு கேக்கட்டும், அப்ப சொல்லு" என்றார்கள். நீங்கள் ஜூனில் கேட்டபோது சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை. உங்கள் இருவருக்கும் நடுவில் நின்று நின்று எனக்கு நெஞ்சு வலித்துவிட்டது அண்ணா. இது கோழைத்தனம்தான். என்னை மன்னியுங்கள்.

சத்தியத்தை இப்போது மீறுவதற்குக் காரணம் உங்கள் பாரம். அது சுற்றிச் சுற்றி அவருடைய மேசைக்கே வந்துவிட்டது. உரிமையாளர் நேரில் வந்து கையெழுத்திட்டு, வைத்துக்கொள்வதா ஒப்படைப்பதா என்று சொல்லவேண்டும் என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அவர் அதை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. "உங்க அண்ணன் வெளிநாடுன்னு எழுதிருக்கிறாரு, அவங்க ரெண்டு தெரு தள்ளி சோறு வடிச்சிக்கினு இருக்கிறாங்க. நான் இத எப்படி அனுப்புறது" என்று கேட்டார்.

நீங்கள் எழுதிய கடிதத்தை அண்ணியிடம் காட்டட்டுமா? உங்களைக் கேட்காமல் காட்டமாட்டேன்.

லூர்து


விழுப்புரம், 21.9.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

நாலு வாரமாகப் பதில் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். சீனுவாசன் சார் நீங்கள் தினமும் வேலைக்கு வருவதாகச் சொன்னார், அந்த மட்டில் நிம்மதி. திட்டுவதென்றாலும் திட்டி எழுதுங்கள்.

மாதா பிறந்தநாளுக்கு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் நம் தெரு வழியாகத்தான் போனார்கள். அண்ணி அவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேண்டிக்கொள்ளச் சொல்லி யாரிடமோ ஒரு பெயர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்தேன். என் பெயரோ என்று எட்டிப் பார்த்தேன், உங்களுடையது.

அக்டோபர் பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை வனவர் உங்கள் வீட்டுக்கு வருவார். அதற்கு மேல் தள்ளிப்போட உங்கள் மாப்பிள்ளையால் முடியாதாம்.

லூர்து


திண்டிவனம், 1.10.2003

லூர்துவுக்கு,

உன் மேல் எனக்குக் கோபமில்லை. நீ செய்தது சரிதான். நான் பாரத்துக்காக அட்ரஸைத்தான் கேட்டேன், அவளைக் கேட்கவில்லை, நீ சொல்லவில்லை.

இரண்டு ஞாயிறு நான் விழுப்புரம் வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. கோவிலில் கடைசி வரிசைக்கும் பின்னால் தூணோரம் நின்றேன். உன் நீலச் சேலை தெரிந்தது. உன் பக்கத்தில் அவள் முதுகு. முக்காட்டுக்கு வெளியே இரண்டு முடி நரைத்திருந்தது. நன்மை வாங்கப் பீடத்துக்குப் போய்த் திரும்பும்போது முகத்தைப் பார்த்துவிடலாம் என்று காத்திருந்தேன். ஆட்கள் எழுந்ததும் வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திண்டிவனம் வரை மல்லாட்டைச் செடி நின்ற கொல்லைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எந்த ஊர் எப்போது போனது என்று தெரியவில்லை. கூட்டேரிப்பட்டில் யாரோ இறங்கியது மட்டும் ஞாபகம்.

கடிதத்தை அவளிடம் காட்டு. பத்தாம் தேதியையும் சொல். வரவேண்டும் என்று கட்டாயப்படுத்தாதே.

அண்ணன்


திண்டிவனம், 12.10.2003

அன்புத் தங்கைக்கு,

நீயும் பிரின்சியும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நடந்ததை உனக்கு எழுதிவிட வேண்டும், நீ தூங்கியிருக்க மாட்டாய்.

வனவர் பெரியசாமி பதினொரு மணிக்கே வந்துவிட்டார். பதினொன்றரைக்கு அவள் தனியாக வந்தாள். வாசலில் நின்றாள், வீட்டுக்குள் வரவில்லை. பக்கவாட்டுச் சந்து வழியாக நேரே கிணற்றடிக்குப் போனாள். நான் நினைத்தபடி எட்டிப் பார்க்கவில்லை. கிணற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு மேகம் போட்டிருந்தது. வெயில் இறங்கவில்லை, ராயப்பனும் ஏறி வரவில்லை. வனவர் இரண்டு தரம் மணி பார்த்தார். கடைசியில் அவளே எழுந்து, என்னிடம் ஒரு பிடி சோறு கேட்டாள். வாளிக்குள் போட்டு மெதுவாக இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் கயிறு கனத்தது. ஆறு வருஷமாக நான் மேலேயிருந்து சோற்றை வீசிக்கொண்டிருந்தேன், வாளியில் போட்டால் வருவான் என்று எனக்குத் தெரியாது.

வனவர் பாரத்தை நீட்டினார். "நீங்கதானம்மா ஓனரு? வச்சிக்கிறீங்களா, குடுத்துர்றீங்களா?"

அவள் அதை முழுக்கப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் பார்த்தாள்.

"என் பேர எதுக்குப் போட்டீங்க?"

"அது உன்னுதுதான."

"தண்ணி சுத்தமா இருக்கட்டும்னு கெணத்துல போட்டேன். காவல் காக்கச் சொன்னனா?"

நான் வாளிக் கயிற்றைச் சுருட்டினேன்.

"குவைத்துலருந்து உங்களுக்குப் பதினோரு கடுதாசி போட்டேன். ஒண்ணுக்குக்கூட பதில் வரல. ஆமைக்குன்னு கவருமெண்டுக்கு மட்டும் ஒரு தப்பு இல்லாம ரொப்பிக் குடுத்துருக்கீங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. சோறு வெந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். வனவர் நல்ல மனிதர், போய்க் கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதை உனக்கு நான் எழுதவில்லை லூர்து. கடிதம் நின்றுவிட்டது என்று எழுதினேன், ஏன் நின்றது என்று எழுதவில்லை. ஒவ்வொன்றும் வந்தபோது நான் பதில் எழுத உட்கார்ந்தேன். நலமா என்று முதல் வரி எழுதவேண்டும். அவள் நலத்தைக் கெடுத்தவன் நான், அதை எப்படிக் கேட்பது என்று பேனாவை மூடிவிடுவேன். பிறகு கிணற்றடிக்குப் போய் ஆமைக்குச் சோறு போடுவேன். அதுவே பதில் எழுதியது போல மனசு ஆறிவிடும். எத்தனை வசதியான பிராயச்சித்தம் பார். உனக்குப் பக்கம் பக்கமாக அதைப் பற்றி எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

ஏரியில் விட்டுவிடச் சொல்லி அவள் கையெழுத்துப் போட்டாள். வனவர் அதை ஈரச் சாக்கில் வைத்துச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டார். நாங்கள் பின்னால் நடந்தோம். கிடங்கல் ஏரியில் முழங்கால் அளவுதான் தண்ணீர். கரையில் வைத்ததும் அவன் ஒரு நிமிஷம் அசையவில்லை. பிறகு நேராக இறங்கிப் போனான், கொஞ்ச தூரத்துக்குத் தண்ணீர் கலங்கிக்கொண்டே போனது. அந்தக் கலங்கல் தெளிகிற வரை இரண்டு பேரும் நின்றோம். அது கால் மணி நேரமோ அரை மணி நேரமோ, என்னால் சொல்ல முடியாது. வனவர் எப்போது போனார் என்றும் தெரியாது.

பஸ் ஸ்டாண்டில், "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது" என்றேன்.

"ஆமா, கூடாது" என்றாள்.

விழுப்புரம் பஸ் வந்தது. ஏறும்போது, "அட்ரஸ் லூர்துகிட்ட இருக்குது" என்று சொன்னாள்.

எனக்கு அந்த அட்ரஸை எழுதி அனுப்பு.

சவுரிராயன்


திண்டிவனம், 26.10.2003

புஷ்பத்துக்கு சவுரிராயன் எழுதுவது.

நீ எப்படி இருக்கிறாய்? கை மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்பைப் பார்த்தேன். அது குவைத்திலா, இங்கேயா? இப்போது வலிக்கிறதா?

உன் கடிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறேன். பதினொன்றும் இருக்கின்றன. இது முதல் கடிதத்துக்குப் பதில். 14.12.97 அன்று நீ மூன்று கேள்வி கேட்டிருந்தாய்.

அங்கே மழையா என்று கேட்டாய். ஆமாம், அந்த டிசம்பரில் மழை பெய்தது. சமையலறையில் ஓடு ஒழுகி உன் மசாலா டப்பா நனைந்துவிட்டது.

சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாய். சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் வடித்த சோற்றையே இரவு வரை வைத்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை வந்தது அந்த வருஷம்தான்.

குழந்தையைப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டாய். போகவில்லை புஷ்பம். அந்த வருஷமும் போகவில்லை, அதற்குப் பிறகும் போகவில்லை. இன்று காலையில்தான் போனேன். கல்லறைத் தோட்டத்தில் வேலியோரம், வேப்பமரத்துக்குப் பக்கத்தில் என்று ஞாபகம் வைத்திருந்தேன். வேப்பமரம் இப்போது இல்லை, வெட்டிவிட்டார்கள். தோட்டக்காரி வெள்ளையம்மாள் வந்து இடத்தைக் காட்டினாள். இடுப்பளவு புல் வளர்ந்திருக்கிறது. சின்னச் சின்ன ஊதாப் பூவும் பூத்திருக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

வருகிற ஞாயிறு கல்லறைத் திருநாள். எல்லாரும் சுத்தம் செய்து சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மண்வெட்டி எடுத்துப் போயிருந்தும் ஒன்றையும் தொடவில்லை. உன்னைக் கேட்காமல் அந்த இடத்தில் இனி எதையும் செய்யமாட்டேன்.

புல்லைப் பிடுங்கட்டுமா, விட்டுவிடட்டுமா?